சித்தப்பா பயணம் போகலாமாம்

1

போன ஐப்பசியில் எங்கள் மகள் ஆரணி தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, வாற சனிக்கிழமை எங்கட ஷோ இருக்கு. நீங்களும் அம்மாவும் வாங்கோ. ரிக்கெற் எடுத்து வைச்சிட்டன்."

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆரணி பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மாலை நேரங்களில் நாலைந்து ஜேர்மன் நண்பர்களோடு சேர்ந்து குட்டிக் குட்டி நகைச்சுவை நாடகங்கள் போடுகிறாள். இது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் எங்களைக் கூப்பிட்டதில்லை. கேட்டால், "உங்களுக்கு விளங்காது அப்பா" என்பாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. இந்த நாட்டில் என் வயதில் பாதிக்கு மேல் போய்விட்டது. டோர்ட்மண்டில் ஒரு உதிரிப்பாகக் களஞ்சியத்தில் வேலை. இந்த மொழியில் என்னால் வேலை செய்ய ஏலும், டொக்டரிடம் நோயைச் சொல்ல ஏலும், வீட்டுக்காரனோடு சண்டை பிடிக்கக்கூட ஏலும். சிரிக்கத்தான் வராது. பகிடியை நான் தமிழில் மாற்றி விளங்கிக்கொள்வதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்து, வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். ஒரு நாட்டில் சிரிக்காமல் எவ்வளவு காலம் இருக்கலாம் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

"என்ன மாதிரி நாடகம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"சித்தப்பா எனக்குப் போட்டுக் காட்டுற மாதிரி" என்றாள்.

அதற்குப் பிறகு நான் போகாமல் இருக்க ஏலுமா?

2

சித்தப்பா என்று அவள் சொன்னது என் தம்பி குகனை.

நானும் குகனும் வெளிநாடு போவதற்காகக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்காகத் தங்கியிருந்தோம். அங்கே இருந்த எல்லோரும் ஏஜென்சிக்காரனின் தகவலுக்காகக் காத்திருந்தவர்கள். பகலில் வெளியே போகப் பயம். பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். கீழே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சில மாலைகளில் பிரித்தானியாவின் பழைய நகைச்சுவைத் துண்டுகள் போடுவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கதைக்கிற வேகத்துக்கு ஒன்றும் பிடிபடாது, கீழே எழுத்தும் கிடையாது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போய்விடுவார்கள். நானும் குகனும் மட்டும் இருப்போம். அவனுக்கு என்னைவிட ஆங்கிலம் நல்லா வரும்.

ஒரு துண்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோட் சூட் போட்ட இரண்டு கனவான்கள் ஒரு அறையில் தேநீர் குடிக்கிறார்கள். அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிறது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அவர்கள் எழும்பவில்லை. தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேநீரில் சாயம் குறைந்துகொண்டே போகிறது என்றுதான் ஒருவர் மற்றவரிடம் மரியாதையாகக் குறைப்படுகிறார். குகன் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தான். நான் முழுசிக்கொண்டிருந்தேன்.

"இதிலை என்னடா பகிடி?" என்று கேட்டேன்.

"அண்ணை, எங்கட படங்களிலை ஒருத்தன் அடி வாங்குவான், நாங்கள் சிரிப்பம். ஆர் மொக்கன் எண்டு எங்களுக்குத் தெரியும். இதிலை ஆர் மொக்கன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் ஒழுங்காத்தான் நடக்கினம். ஒருத்தரும் சத்தம் போடேல்லை. அறைதான் தாழுது."

அந்த லொட்ஜில் இருந்துகொண்டு அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த வகையான துண்டுகளில் அலுவலகக் காட்சிகள் வந்தால் நாங்கள் இருவரும் தயாராகிவிடுவோம். ஒருவன் ஏதோ ஒரு சாதாரண அலுவலாக ஒரு கவுண்டருக்கு வருவான். உள்ளே இருக்கிற அதிகாரி மிகவும் அன்பாக, சட்டப்படி, அவனைப் பைத்தியமாக்கி அனுப்புவார்.

முதலில் எனக்குத்தான் வழி கிடைத்தது. நான் ஜேர்மனிக்கு வந்து, அகதியாக ஏற்கப்பட்டு, மாலாவைக் கலியாணம் செய்து, ஆரணி பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் குகன் வந்து சேர்ந்தான். அவனுடைய வழக்கை ஏற்கவில்லை. உடனே அனுப்பவும் இல்லை. டுல்டுங் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். டுல்டுங் என்றால் பொறுத்துக்கொள்வது. இந்த ஆளை நாங்கள் இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அரசாங்கம் எழுதித் தருகிற தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை போய் நீட்டவேண்டும். வேலை செய்ய ஏலாது, மொழி வகுப்புக் கிடையாது, அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்ட ஏலாது.

"அண்ணை, அந்த லொட்ஜ் ரீவிக்குள்ள நாங்கள் வந்திட்டம்" என்பான்.

3

குகன் இரவில் அகதி விடுதியில் படுப்பான். பகல் முழுக்க எங்கள் வீட்டில். ஞாயிறு சந்தையில் பழைய வீடியோ நாடாக்கள் அள்ளிக்கொண்டு வருவான், எல்லாம் அதே பிரித்தானியத் துண்டுகள். ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிடுவார்கள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அவனுக்கு ஜேர்மன் தெரியாது, அவளுடைய தமிழ் அரைகுறை. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். அவன் கனவான்கள் மாதிரிக் குரலை மாற்றிக் கதைப்பான். அவள் தொப்பி போட்டுக்கொண்டு அதிகாரியாக இருப்பாள். மாலா சமையலறையில் இருந்து, "ரெண்டும் குழந்தைப்பிள்ளையள்" என்று சத்தம் போடுவாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட காலம் அதுதான்.

குகனுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஒருநாள் இங்கிலாந்துக்குப் போகவேண்டும். அங்கே இருக்கிற உறவுகளைப் பார்க்க என்று நினைக்கவேண்டாம். அந்த மனிதர்கள் உண்மையாகவே தெருவில் அப்படி நடந்து திரிகிறார்களா என்று பார்க்கவேண்டுமாம்.

ஆரணிக்கு ஒன்பது வயதிருக்கும். இலங்கையில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். டுல்டுங் நீட்டப் போகவேண்டிய நாள், டெர்மின், வந்தது. வழக்கமாக நான் கூடப் போவேன். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. முத்திரை குத்துகிற அலுவல்தானே என்று, பள்ளிக்கூட விடுமுறையில் நின்ற ஆரணியை அனுப்பினோம். இங்கே அது புதினமில்லை. தாய் தகப்பனுக்காக டொக்டரிடமும் கந்தோரிலும் மொழிபெயர்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்தார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி நல்ல மனிசி, சிரித்த முகம் என்று பிறகு ஆரணி சொன்னாள். உங்கள் நாட்டில் இப்போது சமாதானம், அதனால் உங்கள் சித்தப்பா தானாக விரும்பி நாட்டை விட்டு வெளியேறவேண்டும் என்பது அவர் சொன்னதன் பொருள். அதற்கு அவர்களிடம் ஒரு அலுவலகச் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் 'றைசே' இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு றைசே என்றால் சுற்றுலா. கூட இருந்த மற்றச் சொல்லில் 'விருப்பம்' இருக்கிறது.

அவள் திரும்பிச் சித்தப்பாவிடம் சொன்னாள். "சித்தப்பா, இப்ப சமாதானமாம். நீங்கள் விரும்பினபடி பயணம் போகலாமாம்."

மாவட்ட எல்லை தாண்ட ஏலாமல் கிடந்தவனுக்கு அதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எழும்பி நின்று, கைகூப்பி, இடுப்புவரை குனிந்து, தெரிந்த ஜேர்மனில் நன்றி சொன்னான். அந்த மனிசி என்ன செய்வது என்று தெரியாமல் தானும் எழும்பி நன்றி சொன்னாராம். அவன் திரும்பக் குனிந்தானாம். அவரும் தலையைக் குனிந்தாராம். அவன் கதவுவரை போய், திரும்பி வந்து, கை குலுக்கினானாம்.

நான் வேலையால் வந்தபோது மேசையில் கேக் இருந்தது. ஆரணி முன்னறையில் நாடா பார்த்துக்கொண்டிருந்தாள். குகன் சமையலறையில் மாலாவுக்கு லண்டன் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, விட்டிட்டாங்கள். இனி எங்கயும் போகலாமாம்" என்று தாளை நீட்டினான்.

நான் வாசித்தேன். என் ஜேர்மன் அந்த அளவுக்குப் போதும். கதவைச் சாத்திவிட்டு அவனுக்குச் சொன்னேன். மாலா அழத் தொடங்கினாள். குகன் கொஞ்ச நேரம் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. வடிவாத்தான் மொழிபெயர்த்தவள்."

சொல்லவில்லை. அவன் போகிற நாளில் சித்தப்பா பயணம் போகிறார் என்றோம். அவள் சந்தோசமாகக் கைகாட்டினாள்.

4

ஊருக்குப் போன குகன் கிளிநொச்சியில் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி திருத்துகிற கடை ஒன்றில் நின்றான். தொலைபேசியில் கதைக்கிறபோதெல்லாம் ஆரணியைக் கேட்பான். சமாதானம் முடிந்தது. சண்டை நெருங்கியபோது சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்துகொண்டே இருந்தான். கடைசியாக அவன் எடுத்தபோது மழைக்காலம்.

"பங்கருக்குள்ள தண்ணி அண்ணை, இடுப்பளவு. தேத்தண்ணிதான் சாயமில்லை" என்றான்.

நான் அந்த நேரம் சிரித்தேன். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. எங்கே, எப்படி என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களும் அவனோடு இருந்தவர்கள்தானே.

ஆரணி அப்போது பதின்ம வயதில் இருந்தாள். சித்தப்பாவைக் காணவில்லை என்று சொன்னோம். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். அந்த நாட்களில்தான் அவள் எங்களோடு ஜேர்மனில் மட்டும் கதைக்கத் தொடங்கினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். வளர்ந்து, வேலை எடுத்து, தனிவீடு போன பிறகு அவளாகத் தமிழுக்குத் திரும்பி வந்தாள், கொஞ்சம் கொஞ்சமாக.

5

நாடகம் நடந்த இடம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். மாலா கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிச் சேலை உடுத்து வந்தாள். எங்களைத் தவிர எல்லோரும் ஜேர்மன் இளம் ஆட்கள். முதல் துண்டுகள் எனக்குக் கொஞ்சம் விளங்கின, கொஞ்சம் விளங்கவில்லை. ஆனால் குகன் சொன்ன அந்த முறை இருந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை, எல்லோரும் ஒழுங்காக நடந்தார்கள். என் மகள் இதை இவ்வளவு வடிவாகச் செய்வாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. மாலாவின் கையை மெல்ல இடித்தேன்.

பிறகு மேடையில் ஒரு கவுண்டர் வந்தது.

ஒரு பெண் அதிகாரியாக இருந்தாள். வளர்ந்த ஒருவன் முழங்காலில் நின்று, முதுகில் பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு, பிள்ளையாக நடித்தான். ஆரணி ஒரு மண்ணிறக் கம்பளிச் சட்டை போட்டு, மீசை ஒட்டிக்கொண்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தாள்.

அதிகாரி அந்தச் சொற்களைச் சொன்னாள். முழங்காலில் நின்றவன் திரும்பி, ஏதோ ஒரு இல்லாத மொழியில் மொழிபெயர்த்தான். ஆரணி எழும்பினாள். கைகூப்பி, இடுப்புவரை குனிந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நான் மறைக்கப்போவதில்லை. வலது தோள் கொஞ்சம் முன்னால் சரிய, தலை கடைசியாகக் குனிகிற அந்த விதம் அப்படியே குகன். எத்தனை வருசத்துக்குப் பிறகு அவனைக் காண்கிறேன். அதிகாரியும் குனிந்தாள். ஆரணி திரும்பக் குனிந்தாள். கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். வரிசையில் நின்ற மற்ற ஆட்களும் குனியத் தொடங்கினார்கள். கடைசியில் முழுக் கந்தோரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக் குனிந்துகொண்டிருக்க, இரண்டு பொலிஸ்காரர்கள் மிகுந்த மரியாதையோடு வந்து, தாங்களும் குனிந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அப்போதும் நன்றி சொல்லிக்கொண்டே போனாள்.

மண்டபம் அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மாலா எழும்பி, ஆட்களின் முழங்கால்களைத் தாண்டி, வெளியே போனாள்.

முடிந்த பிறகு ஆரணி மீசையின் பசை இன்னும் போகாமல் ஓடி வந்தாள்.

"அப்பா, பிடிச்சதோ? அம்மா எங்க?"

"தலையிடியாம். வெளியில நிக்கிறா. நல்லாச் செய்தாய் பிள்ளை."

"சித்தப்பாதான் அப்பா அது. நான் இதை எவ்வளவு காலமா எழுதினனான் தெரியுமோ? அவருக்கு எல்லாம் விளங்கினது. நான் பிழையாச் சொன்னது வளர்ந்தாப் பிறகுதான் எனக்கே தெரிஞ்சது, அவருக்கு அண்டைக்கே விளங்கினது. எண்டாலும் என்னைச் சிரிக்க வைக்கிறதுக்காக அந்த மனிசிக்கு முன்னால எழும்பி நிண்டு அப்பிடி நடிச்சவர். கேக் கூட வாங்கினவர். அதைவிடப் பெரிய கொமெடியை நான் இண்டைக்கும் பார்க்கேல்லை."

நான் ஓம் என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு சொல்தானே. வாயைத் திறந்தேன், அது வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் மற்றவர்கள் முகம் பார்த்து நடிக்கிறவளுக்கு அந்த நேரம் போதும்.

"அவருக்கு விளங்கினதுதானே அப்பா?"

அதற்குள் அவளுடைய நண்பர்கள் வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

6

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தாள். மாலா சாப்பாடு வைத்தாள். ஆரணி தொடவில்லை.

"சொல்லுங்கோ."

சொன்னேன். சமையலறை, தாள், அதன் பின்பக்கம், அவன் சொன்ன கடைசி வசனம் எல்லாம். "நீ சரியாச் சொல்லியிருந்தாலும் அவங்கள் அனுப்பித்தான் இருப்பாங்கள். நான் லோயரிட்டையும் கேட்டனான். ஒண்டும் மாறியிராது பிள்ளை. நீ குழந்தை."

"அது எனக்குத் தெரியும் அப்பா. நான் அதைக் கேக்கேல்லை. அவர் அண்டைக்கு உண்மையாவே சந்தோசப்பட்டவரோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"நான் வேலையால வரும்வரைக்கும்."

அவள் "ஆக் ஸோ" என்றாள். ஜேர்மன்காரர் அப்படியா என்பதற்குச் சொல்கிற சொல். பஸ் பிந்தி வரும் என்றால்கூட அதைத்தான் சொல்வார்கள். பிறகு அம்மாவுடைய சோற்றைக் கொஞ்சம் சாப்பிட்டாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கொஞ்சம் நிம்மதிப்பட்டேன், இனி எங்களுக்குள் ஒளிப்பு மறைப்பு இல்லை, பிள்ளை நெருங்கி வருவாள் என்று. எவ்வளவு பிழையாக நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. தொலைபேசி எடுத்தால் வேலை கூட என்பாள். கதை மறுபடியும் ஜேர்மனுக்குப் போய்விட்டது. நான் ஒருநாள், "அந்த நாடகம் குகனுக்கு நல்லாப் பிடிச்சிருக்கும், நீ விடாதை" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். தனக்கு இப்போது அது எந்த இடத்தில் பகிடி என்று தெரியவில்லை என்று ஜேர்மனில் சொன்னாள். எங்கே சிரிப்பு வரவேண்டும் என்று தெரியாமல் மேடையில் நிற்க ஏலாதாம்.

மாலா என்னோடு கோபம். பொய் சொல்லியிருக்கலாம் என்கிறாள். இருபது வருசம் சொன்ன பொய்யை இன்னொரு இருபது வருசம் சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம் என்கிறாள். தம்பி கேட்டது ஒரேயொரு விசயம். அதைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை.

நாடகக் குழு நின்றுவிடவில்லை. அந்தத் துண்டுதான் அவர்களுடைய துண்டுகளிலேயே பெயர் எடுத்தது. தொடர்ந்து போடலாமா என்று ஆரணியிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் விருப்பம் என்றிருக்கிறாள். இதை எனக்கு மாலா சொன்னாள். மாலாவுக்கு அவள் குறுஞ்செய்தியில் எழுதியிருந்தாள்.

7

போன கிழமை வேலையில் இடைவேளை. என்னோடு களஞ்சியத்தில் நெடுங்காலமாக வேலை செய்கிறவன் உவே. நல்ல மனிசன். மாலாவுக்கு ஒப்பரேசன் நடந்தபோது என் வேலையையும் சேர்த்துச் செய்தவன். ஆரணியைப் பற்றி நான் அவனிடம் பெரிதாகச் சொன்னதில்லை.

"சிவம், இங்க வா, இதைப் பார். நேற்று முழுக்க வீட்டில சிரிச்சனாங்கள்" என்று கைபேசியை நீட்டினான்.

யாரோ மண்டபத்தில் எடுத்த காணொளி. கவுண்டர். முழங்காலில் நிற்கிறவன். ஆரணியின் இடத்தில் உயரமான ஒரு ஜேர்மன் பையன், முகத்தில் லேசாக மண்ணிறம் பூசி, அதே கம்பளிச் சட்டையோடு. அவனும் குனிந்தான். அவனுக்கு அந்தத் தோள் சரிகிற விதம் தெரியவில்லை. கோயிலில் கும்பிடுகிற மாதிரி, கோழி கொத்துகிற மாதிரி, வேகமாகக் குனிந்து குனிந்து எழும்பினான். மண்டபம் முன்னையைவிடக் கூடச் சிரித்தது.

உவே என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் அவனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கெட்ட எண்ணத்தோடு அவன் காட்டவில்லை. எனக்கு மொழி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்திருக்கிறான்.

"பொறு, பொறு" என்றான். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, காணொளியை முதலில் இருந்து தொடங்கினான். இந்தமுறை ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாக விளக்கினான். அந்த அலுவலகச் சொல்லுக்கு வந்ததும் அதைப் பிரித்துச் சொன்னான். இது முழுச்சொல்லாக இருந்தால் நாட்டை விட்டுப் போவது. பின்பகுதி மட்டும் என்றால் சுற்றுலா. அந்தச் சின்னப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. அந்த ஆளுக்கும் தெரியாது. அனுப்புகிறார்கள் என்று தெரியாமல் நன்றி சொல்கிறான். அதுதான் பகிடி.

"இப்ப விளங்குதோ?" என்று கேட்டான்.

"ஓம், விளங்குது" என்றேன்.

அவனுக்குச் சந்தோசம். என் முதுகில் தட்டிவிட்டு மிச்சத்தையும் ஓடவிட்டான்.